எல்லா ஞாயிறும் இரண்டு மணிக்கு

எனக்கு உயரம் ஆகாது. இருபத்திரண்டு ஆண்டுகள் ராட்டினங்களோடு குடித்தனம் நடத்தியவன் இதைச் சொல்வது கொஞ்சம் வெட்கம்தான். ஆனாலும் புதிதாக மேடையேறப் போகும் உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? நம் பூங்காவின் மலைப்பாம்பு ராட்டினத்தில் நான் ஒரே ஒரு தடவை ஏறியிருக்கிறேன். இறங்கியதும் யாரிடமும் பேசாமல் நேராகத் தண்ணீர்க் குழாயடிக்குப் போனேன். அதற்கப்புறம் என் வேலை முழுக்கக் கீழேதான். ஏறும்போது ஒரு முகம், இறங்கும்போது வேறொரு முகம், நடுவில் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் இத்தனை இரும்பு, இத்தனை ஆட்கள், இத்தனை விதிகள்.

இந்தத் திங்கட்கிழமை சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். வயது ஐம்பத்து நான்குதான். முழங்கால் இரண்டும் ஓய்வு கேட்டன, நான் கேட்கவில்லை. வீட்டில் உட்கார முடியாமல் அஸ்தம்பட்டித் தெருக்களில் காலையும் மாலையும் சுற்றிக்கொண்டிருக்கிறேன். டவுன் பஸ் ஒன்று கடந்து போனால்கூடக் கண் தானாக எண்ணுகிறது: ஜன்னலோரம் மூன்று காலி, பின்சீட்டில் இரண்டு காலி. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று மேலாளர் கேட்டார். இயந்திரத்துக்குக் கையேடு இருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளுங்கள். நான் எழுதுவது காலி இருக்கைகளைப் பற்றி. அதில் நான் செய்த, கைதட்டல் வாங்கிய, ஒரு தப்பைப் பற்றி.

மலைப்பாம்பு உங்களுக்குத் தெரியும். இருபது பேர் உட்காரும் வண்டி. சங்கிலி கடகடவென்று இழுத்துக்கொண்டு போய் உச்சியில் விடும். அங்கே ஒரு மூச்சு நேரம் நிற்கும். ஒரு பக்கம் சேர்வராயன் மலை நீலமாகப் படுத்திருக்கும். மறுபக்கம் நெடுஞ்சாலை, அதில் எறும்புச் சாரை போல லாரிகள். அப்புறம் தலைகுப்புற விழுந்து, வளைந்து, நெளிந்து, ஏற்காட்டுக் கொண்டை ஊசி வளைவுகள் அத்தனையையும் ஒரே மூச்சில் சுருட்டி விழுங்கியது போலச் சுற்றி வந்து மேடையில் நிற்கும். ஊரிலிருந்து வருகிறவர்கள் தண்ணீரில் ஆடுவதைவிட இதற்குத்தான் அலைவார்கள்.

முன்பெல்லாம் வரிசைதான். முன்பதிவு, நேரம் என்ற பேச்சே கிடையாது. வந்தவர் நிற்க வேண்டும், நின்றவர் நகர வேண்டும். விடுமுறை நாளில் அந்த வரிசை பாப்கார்ன் கடையைச் சுற்றி, கழிப்பறையைத் தாண்டி, நீச்சல் குளம் வரைக்கும் வளர்ந்து கிடக்கும். வெயில் என்றால் நம் சமவெளி வெயில்; அதற்கு இரக்கமே கிடையாது. ஒரு மாட்டுப் பொங்கலன்று கல்யாணமாகிச் சில நாளே ஆன ஒரு ஜோடி வரிசையின் வாலில் வந்து நின்றார்கள். மஞ்சள் கயிறு புதிதாக மின்னியது. ஒரே குடையில் நின்றார்கள். அரைமணியில் குடை அவன் கைக்குப் போயிற்று. ஒரு மணியில் குடை மூடிக்கொண்டது. "உங்கம்மா பேச்ச எதுக்கு இங்க எடுக்கறீங்க?" என்று அவள் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. ஒன்றரை மணி நேரம் கழித்து மேடைக்கு வந்தபோது அவள் முன்வரிசையில் ஏறினாள், அவன் கடைசி வரிசையில் ஏறினான். நடுவில் திருச்செங்கோட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பதினெட்டுப் பேர்.

அன்றைக்கே எனக்குள் ஏதோ முடிவாயிற்று. சிரிக்க வருகிறவர்களைச் சண்டைக்குத் தயார் செய்து அனுப்பும் இடமாக இது இருக்கக் கூடாது.

ஆகவே முன்பதிவு வந்தபோது அதற்காக அதிகம் வாதாடியவன் நான்தான். கைபேசியில் பெயரும் எண்ணும் கொடுத்தால் போதும். எந்த நாள், எத்தனை மணி, எத்தனை பேர். பதிவுக்குக் காசு கிடையாது. உள்ளே வரும்போது நுழைவுச்சீட்டு வாங்கினால் சரி. மலைப்பாம்பின் இருபது இருக்கையும் முன்பதிவுக்கே. வரிசைக்கான கம்பி வேலியைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தில் குரோட்டன்ஸ் தொட்டிகளை அடுக்கச் சொன்னேன். பச்சையும் சிவப்புமாக இலைகள். கல்யாண மண்டபம் போல இருக்கிறது என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

உண்மையிலேயே நல்லதுதான் நடந்தது. கர்ப்பிணிகள், வயதானவர்கள், கைக்குழந்தைக்காரிகள் வேப்ப மர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோறு பிரித்தார்கள். இரண்டு மணிக்கு என்றால் ஏறுகிறவர்கள் மட்டும் ஒன்றே முக்காலுக்குக் கைகழுவிக்கொண்டு வந்தார்கள். வரிசையில் முண்டியடிப்பு இல்லை, முறைப்பு இல்லை.

இன்னொன்றும் நடந்தது. அதை நான் கவனிக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. ஜனங்கள் பூங்காவுக்குள் பஸ் பிடிக்கப் போகிறவர்கள் மாதிரி நடக்க ஆரம்பித்தார்கள். கையில் கைபேசி, கண் அதில். அலைக் குளத்தில் சொக்கிப்போய்க் கிடந்த ஒரு குழந்தையை அதன் அப்பா தோளைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "நம்ம டைம் வந்துருச்சு, வா, வா!" குழந்தை அழுதுகொண்டே ஏறி, அழுதுகொண்டே இறங்கியது. இரண்டு நிமிடச் சந்தோஷத்துக்காக இரண்டு மணி நேரச் சந்தோஷத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தாரே என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி.

பிறகுதான் காலி இருக்கைகள்.

திரையில் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிறைந்திருக்கும். நுழைவாயிலில் வந்து கேட்கிறவர்களிடம் "மலைப்பாம்பு ஃபுல்லுங்க" என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருப்பார்கள். மேடையில் பார்த்தால் இருபதில் பன்னிரண்டு, பதின்மூன்று தலைதான். மிச்ச இருக்கைகள் வாயைத் திறந்துகொண்டு சங்கிலியில் ஏறும். ஆளில்லாத இருக்கை உச்சியிலிருந்து விழுவதைப் பார்த்திருக்கிறீர்களா? அலறல் வரவேண்டிய இடத்தில் வெறும் காற்று. உயரத்தைவிட அதிகமாக எனக்கு ஆகாதது அதுதான்.

கோபம் வந்தது. ஓசியில் கொடுத்தால் இப்படித்தான் என்று பேசினேன். ஒரு விதி போட்டேன்: பதிவு செய்துவிட்டு இரண்டு தடவை வராத எண் மூன்றாம் தடவை செல்லாது. முன்பே போட்டு வைத்த பதிவு பட்டியலில் இருந்தாலும், வந்து நிற்கும்போது திரையில் சிவப்பாகக் காட்டும். அதை அவிழ்க்கும் அதிகாரம் யாருக்கும் கிடையாது, என்னையும் சேர்த்து. கூட்டத்தில் இதைச் சொன்னபோது கைதட்டினார்கள். பின்வரிசையில் ஒரே ஒருவர் தட்டவில்லை.

அவர் மலைப்பாம்பின் மேடைப் பணியாளர். கெங்கவல்லிக்காரப் பெண்மணி. பெயரை எழுத வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நம்மிடையே ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதுதானே வழக்கம். அவர் கெங்கவல்லி, நான் அஸ்தம்பட்டி. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், பதவியில் எனக்கு மூன்று படி கீழே. மடியை அழுத்திப் பிடிக்கும் கம்பிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, மேடைக் கோடியில் நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவது அவர் வேலை. அந்த விரல் உயர்ந்தால்தான் நான் பச்சைப் பொத்தானை அழுத்தலாம். இந்தத் தொழிலில் எனக்குத் தெரிந்த பாதி அந்த விரலிடம் கற்றது.

"கெங்கவல்லி ஏன் கை தட்டல?" என்று வெளியே வந்து கேட்டேன்.

"வராதவங்க ஏன் வரலன்னு யாராவது கேட்டீங்களா சார்?"

"கேட்டு என்னம்மா ஆகப்போவுது?"

"தெரியாது சார். கேட்டாதான தெரியும்."

நான் சிரித்துக்கொண்டே போய்விட்டேன்.

அதற்குப் பின் ஒரு மாதம் இருக்கும். ஒரு ஞாயிறு. இரண்டு மணி வண்டிக்கு ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். குரோட்டன்ஸ் தொட்டிகளுக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் வந்து நின்றார்கள். அப்பா, அம்மா, ஒன்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அப்பாவுக்குச் சட்டை புதிது, மடிப்புக்கூடக் கலையவில்லை. முகம் மட்டும் வெயிலில் காய்ந்து பழையதாக இருந்தது. அம்மா கைபேசியை நீட்டினாள். பதிவு பார்க்கும் இன்னொரு பணியாளர் எண்ணைத் தட்டிப் பார்த்தார். திரை சிவந்தது.

"உங்க நம்பர் பிளாக் ஆயிருக்குதுங்க. ரெண்டு தடவ புக் பண்ணிட்டு வரல."

"ரெண்டு தடவயில்லீங்க," என்றாள் அம்மா. "ஏழு வாரம்."

நான் திரும்பிப் பார்த்தேன். இவ்வளவு தைரியமாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களை அதுவரை நான் பார்த்ததில்லை.

"ஏனுங்க, ஏழு வாரம் இடத்தப் புடிச்சுப் போட்டுட்டு வராம இருந்தா, மத்தவங்க என்னங்க பண்ணுவாங்க?" என்று கேட்டேன்.

"எங்கூட்டுக்காரரு லாரி ஓட்டறாருங்க. எந்த ஞாயித்துக்கெழம ஊட்டுக்கு வருவாருன்னு அவருக்கே தெரியாதுங்க. அதான் முன்னாடியே எல்லா ஞாயிறும் ரெண்டு மணிக்குப் போட்டு வெச்சனுங்க. எதாச்சும் ஒண்ணுல வந்துருவாருல்லங்க?"

அவள் பெயர் கோகிலா. வெண்ணந்தூரில் தறி ஓட்டுகிறவள். கணவன் செல்வராசு. ஜவ்வரிசி ஏற்றிக்கொண்டு நாக்பூர் பக்கம் போவான். அங்கே என்ன சரக்குக் கிடைக்கிறதோ, எங்கே போகச் சொல்கிறார்களோ, அப்படியே போய்த் திரும்புவான். முந்தின நாள் இரவு வந்திருக்கிறான். மூன்றரைக்கு ஜவ்வரிசி ஆலையில் வண்டி நிற்க வேண்டும். லாரியையே எடுத்துக்கொண்டு நேராக இங்கே வந்திருக்கிறார்கள். நம் வண்டி நிறுத்துமிடத்தில் கார்களுக்கு நடுவில் அது யானை போல நின்றுகொண்டிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

"வுடு கோகிலா," என்றான் செல்வராசு. "அவிங்க ரூல்ஸு அவிங்களுக்கு. நாம கீழ நின்னு பாத்துக்கலாம்."

"நீங்க சும்மா இருங்க. போன வருசம் இதே எடத்துல நின்னு புள்ளைகிட்ட என்ன சொன்னீங்க?"

அவன் மகளைப் பார்த்தான். சொன்னது அவள்தான், தர்ஷினி. "ரெண்டு விரக்கட ஒசரம் பத்தலன்னு என்னைய எறக்கிவுட்டாங்க. அடுத்த வாட்டி வளந்துட்டு வா சாமி, அப்பாவும் கூட வாரேன்னு சொன்னாரு. நான் வளந்துட்டேன்."

கடைசி இரண்டு வார்த்தையை அவள் சொன்ன விதம் இருக்கிறதே! தன் பங்கு வேலையை முடித்துவிட்டாள். இனி உலகம் அதன் பங்கைச் செய்ய வேண்டும்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். விதி என்னுடையது. எனக்கும் அவிழ்க்க அதிகாரமில்லை என்று பெருமையாகச் சொன்ன வாயும் என்னுடையது. வண்டியில் பதின்மூன்று பேர் கம்பி இறங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். வெயிலில் இரும்பு சுடுகிறது. ஒரு குழந்தை "எப்பப்பா போவும்?" என்கிறது. ஏழு இருக்கை காலி. இடுப்பில் வாக்கிடாக்கி கரகரக்கிறது. இரண்டரை மணிக்காரர்கள் வேறு வந்து கூட ஆரம்பித்துவிட்டார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? எது சுலபமோ அதைச் செய்தேன். "மன்னிச்சுக்கங்க, அடுத்த வாரம் பாருங்க," என்று சொல்லிவிட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பினேன். அடுத்த வாரம்! ஏழு வாரம் காத்திருந்தவளிடம்.

பச்சைப் பொத்தான் மேல் விரலை வைத்துக்கொண்டு மேடைக் கோடியைப் பார்த்தேன்.

கட்டைவிரல் உயரவில்லை.

கெங்கவல்லி கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கண்ணாடியைத் தட்டினேன். அவர் காலி இருக்கைகளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மறுபடி தட்டினேன். மறுபடி இருக்கைகள், மறுபடி நான்.

"மலைப்பாம்பு, ஏன் நிக்குது? எதாவது கோளாறா?" என்றது வாக்கிடாக்கி.

கோளாறுதான். இயந்திரத்தில் இல்லை.

அறையை விட்டு வெளியே வந்தேன். "என்னம்மா, கம்பி எதாவது இறங்கலையா?"

"ஏழு கம்பி இறங்கல சார். உள்ள ஆள் இல்லாம எதை இழுத்துப் பார்க்கறது?"

"விளையாடாத கெங்கவல்லி. ஆபீஸ்ல கேக்கறாங்க."

"நானும் கேக்கறேன் சார். இது யார் சீட்டு?"

"வராதவங்க சீட்டு."

"வராதவங்களுக்கு இடம் இருக்குது. வந்தவங்களுக்கு இல்லையா சார்?"

அவ்வளவுதான் பேசினார். குரலைக்கூட உயர்த்தவில்லை. பிள்ளைகளே, நெருக்கடியில் மூளை ஓடாது என்பார்கள். எனக்கு அன்றைக்கு ஓடியது, ஓடி ஓடி ஒரே இடத்தில் வந்து நின்றது. கோகிலா செய்தது தப்பா? தப்புத்தான், அவளால் ஏழு வாரம் மூன்று இருக்கை காலியாகப் போயிருக்கிறது, யாரோ திரும்பிப் போயிருக்கிறார்கள். ஆனால் அடுத்த ஞாயிறு எங்கே இருப்போம் என்று தெரிந்தவர்களுக்காகவே நான் இந்த ஏற்பாட்டைச் செய்திருக்கிறேன். நம் பூங்காவைச் சுற்றி இருப்பது என்ன ஊர்? வீட்டுக்கு வீடு ஒருவர் லாரியில், தெருவுக்குத் தெரு ஒருவர் போர்வெல் வண்டியில். அவர்களுக்கு நாள்காட்டி கிடையாது. சரக்கு இருக்கிறது, சாலை இருக்கிறது. அவர்கள் வந்து நிற்க இருந்த ஒரே இடம் வரிசை. அதைப் பிடுங்கிவிட்டு நான் செடி வைத்திருக்கிறேன்.

"அந்தத் தொட்டிய நகத்துங்கப்பா," என்றேன்.

இரண்டரை மணிக்காரர்களில் ஒருவர் முன்னால் வந்தார். சேலத்துக்காரர், கறுப்புக் கண்ணாடி. "ஏங்க, நாங்க பத்து நாள் முன்னாடி புக் பண்ணி, டைமுக்கு வந்து நிக்கிறோம். பிளாக் ஆனவங்கள ஏத்துறீங்க. அப்ப நான் எதுக்குங்க புக் பண்ணினேன்?"

நியாயமான கேள்வி. இன்றுவரை அதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அன்றைக்கு இருந்த பாதிப் பதிலைச் சொன்னேன்: "உங்க சீட்டு உங்களுக்கே இருக்குதுங்க, ரெண்டரைக்கு. அதை யாரும் தொடமாட்டாங்க. இது ரெண்டு மணிக்கு வராதவங்க சீட்டு. மணி இப்ப ரெண்டு ஆறு. இனிமே அது யாருக்கும் சொந்தமில்ல."

"நாளைக்கு எல்லாரும் இப்படி வந்து நிப்பாங்க, பாருங்க."

"நிக்கட்டுங்க. நிக்க ஒரு எடம் போடறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை ஒருமுறை பார்த்தார். "அப்பிடின்னா மிச்சம் நாலு சீட்டு இருக்குதே. நாங்களும் நாலு பேரு. எங்கள இப்பவே ஏத்திவுடுங்க, புள்ளைங்க நச்சரிக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும்தான், சிரித்துக்கொண்டே அந்த நாலு பேரையும் ஏறச் சொன்னேன்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஏறுகிற வழியில் கெங்கவல்லி தர்ஷினியைத் தடுத்து நிறுத்தினார். "செருப்பைக் கழட்டிட்டு வா கண்ணு." உயரப் பலகைக்கு முன் நிறுத்தினார். பின்னலைத் தூக்கி ஓரமாக விட்டார். குதிகாலைத் தரையில் ஊன்றச் சொன்னார். உள்ளங்கையை அவள் தலைமேல் தட்டையாக வைத்துப் பலகையோடு சேர்த்தார். இவ்வளவு நேரம் எனக்கெதிராக அவளுக்காக நின்றவர், அந்த ஒரு விஷயத்தில் மயிரிழை விட்டுக்கொடுக்கவில்லை. செல்வராசு மூச்சை நிறுத்திவிட்டான். கோகிலா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு விரல் பத்தாமல் போயிருந்தால் கெங்கவல்லி அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருப்பார். அனுப்பிவிட்டு அன்றைக்குச் சோறு தின்றிருக்க மாட்டார். ஆனால் அனுப்பியிருப்பார்.

"ஒரு விரல் மிச்சம்," என்றார். "ஏறு."

உயரத்தை முடிவு செய்தது விழும் வேகம். இரண்டு தடவை வராவிட்டால் செல்லாது என்று முடிவு செய்தது நான். இரண்டையும் ஒரே மாதிரி மாற்றவே முடியாத விதியாக நினைத்ததுதான் என் தப்பு. உங்கள் கையில் ஒரு விதி வரும்போது அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நொடி பாருங்கள்.

"நான் வல்லீங்க, நீங்க ரெண்டு பேரும் போங்க," என்று கோகிலா பின்வாங்கினாள்.

"ஏழு வாரம் மூணு சீட்டு போட்டுட்டு இப்ப ரெண்டு பேரா?" என்றார் கெங்கவல்லி. "பிளாக் பண்ணிருவாங்க. ஏறுங்கம்மா."

மூன்று பேரும் ஏறினார்கள். கம்பிகள் இறங்கின. ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்துக்கொண்டே கோடிக்குப் போனார். திரும்பினார். கட்டைவிரல் உயர்ந்தது. அந்த விரல் அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

சங்கிலி இழுத்தது. கடகட, கடகட. உச்சியில் அந்த ஒரு மூச்சு நேரம். கீழே நின்ற எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது தர்ஷினியின் குரல்: "அப்பா, நம்ம லாரி! அங்க பாருப்பா, குட்டியாத் தெரியுது!"

"நீ பாரு சாமி! எனக்குஞ் சேத்தி நீயே பாரு!"

விழுந்தது. இருபது தொண்டைகள் ஒன்றாகத் திறந்தன. ஓர் இருக்கைகூட மிச்சமில்லாமல் அலறியது மலைப்பாம்பு. அந்தச் சத்தம் எனக்குப் பசி தீர்ந்தது மாதிரி இருந்தது.

திரும்பி வந்து நின்றபோது முன்வரிசையில் தர்ஷினி இரண்டு கையையும் மேலே தூக்கியபடி சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் கோகிலாவுக்குக் கொண்டை அவிழ்ந்து முடி முழுக்க முகத்தில், அதற்குள்ளிருந்து "இன்னொருக்கா வுடுவாங்களா?" என்று சத்தம் வந்தது. செல்வராசு மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. கம்பியை இறுகப் பிடித்த விரல்களை மகள் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

"ஏனுங்க, நீங்க மலைப்பாதையெல்லாம் லோடோட ஓட்டறவரு," என்றேன்.

"அங்க பிரேக்கு எங்காலுக்கடியில இருக்குதுங்க," என்றான் மெதுவாக. "இங்க அது உங்ககிட்ட இருக்குது. நீங்க ஆருன்னே எனக்குத் தெரியாது." பிறகு தண்ணீர்க் குழாய் எங்கே என்று கேட்டான். நான் கூடவே போனேன். எனக்கு வழி தெரியுமே.

மணி இரண்டரை. மூன்று பேரும் லாரிப் பக்கம் நடந்தார்கள். மகள் அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள், விழாமல் கூட்டிக்கொண்டு போகிறவள் மாதிரி.

மறுநாள் சிவப்பான எண்களை ஒவ்வொன்றாக அழைத்தோம். சும்மா விளையாட்டுக்குப் போட்டவர்கள் இருந்தார்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பல எண்களில் ஒரு பெண் குரல் எடுத்தது. அவர் அஸ்ஸாம் போயிருக்காருங்க. அவரு போர் வண்டியோட ஆந்திராவுல இருக்காருங்க. லோடு எறங்கலைங்க, மூணு நாளா நிக்கறாருங்க. வரமாட்டேன் என்று யாரும் பதிவு செய்யவில்லை. வந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் பதிவு செய்திருக்கிறார்கள்.

சிவப்பை எடுத்துவிட்டோம். பத்து இருக்கை பதிவுக்கு, பத்து வந்து நிற்பவர்களுக்கு. கம்பி வேலி திரும்ப வந்தது, இந்தத் தடவை மேலே ஒரு பந்தலோடு. குரோட்டன்ஸ் தொட்டிகள் கழிப்பறைப் பக்கம் போயின. அங்கே நன்றாகவே வளர்கின்றன. ஞாயிறு காலை எட்டு மணிக்கு அன்றைய எண்களை அழைத்துக் கேட்பது என்று ஒரு வேலை சேர்ந்தது. கெங்கவல்லிதான் ஆரம்பித்தார். "அண்ணன் வந்துட்டாருங்களா?" ஒரே கேள்வி. வந்துவிட்டார் என்றால் இருக்கை அப்படியே இருக்கும். இல்லையென்றால் பத்தோடு சேர்ந்து பதினொன்று. சில பேர் அந்தக் கேள்விக்குப் பத்து நிமிடம் பதில் சொல்வார்கள். டயர் வெடித்தது, மாமியார் திட்டியது, தறியில் பாவு நூல் அறுந்தது எல்லாம் வரும். கேட்டுக்கொள்ளுங்கள். வேலை நேரத்தில் அதுவும் சேர்த்தி.

இந்த ஏற்பாடும் முழுமையில்லை. பந்தலடியில் இன்றைக்கும் சண்டை வருகிறது. கறுப்புக் கண்ணாடிக்காரர் கேட்ட கேள்வியை மாதம் ஒருவராவது கேட்கிறார். உங்களில் யாருக்காவது நல்ல பதில் தோன்றினால் எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.

நான் சாவியைக் கொடுப்பதற்கு முன் வந்த கடைசி ஞாயிறு, அந்த அழைப்புகளை நானே எடுத்துக்கொண்டேன். இரண்டு மணிப் பட்டியலில் தெரிந்த எண் ஒன்று இருந்தது. பார்த்ததுமே சிரிப்பு வந்துவிட்டது. அந்த மாதத்து ஞாயிறு அத்தனையிலும் அதே எண், அதே மூன்று இருக்கை.

"கோகிலாங்களா? பூங்காவுலிருந்து பேசறேனுங்க. அண்ணன் வந்துட்டாருங்களா?"

பின்னால் தறிச் சத்தம் தடதடத்தது. "இல்லீங்க. நாக்பூரு தாண்டி வண்டி நிக்குதுங்க. புள்ள காலைலிருந்து அவருக்கு மூணு வாட்டி போன் பண்ணிட்டா."

"அப்ப இன்னிக்கு சீட்ட..."

"வேற ஆருக்காச்சும் குடுத்துருங்க. பாவம், நின்னுட்டிருப்பாங்க." தறிச் சத்தம் ஒரு நொடி நின்றது. "அடுத்த ஞாயித்துக்கெழமைது மட்டும் எடுத்தறாதீங்க. அது அப்பிடியே இருக்கட்டுங்க."

"இருக்குதுங்க," என்றேன்.

அந்த அடுத்த ஞாயிறு நான் அங்கே இல்லை. நீங்கள்தான் இருக்கப்போகிறீர்கள். இரண்டு மணி, முன்பக்கம், மூன்று இருக்கை. காலையில் மறக்காமல் கேளுங்கள்.